பன்னிரண்டேகால் மணிக்குப் பறந்த விமானம்

மேல்குடில்
24 ஆகஸ்ட் 2020, திங்கள்

யோஸ்ட் அண்ணாவுக்கு,

பிப்ரவரியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. இந்தக் கடிதத்தைப் பிரிப்பாயா என்றும் தெரியவில்லை. மலையிலிருந்து கம்பியில் சரக்கு இறக்கும் ரோப் பெட்டியின் கீழ்முனை நம் வீட்டுக் கொல்லையில் இருப்பதால் எப்படியும் உன் கைக்குத்தான் வரும். சீஸை எடுத்து வைத்துவிட்டு இதைப் பெட்டியிலேயே விட்டுவிடாதே.

சனிக்கிழமை பேப்பரில் வந்ததை நீ பார்த்திருப்பாய். "போர் விமானச் சத்தத்தில் மிரண்டு கிடேரி பலி." என் பெயர் போடவில்லை. பதினேழு வயது மேய்ப்புப் பெண் என்று மட்டும் இருக்கிறது. ஆனால் நான் மாடு மேய்க்கும் கில்கியனின் மலையில் பதினேழு வயதில் வேறு யாரும் இல்லை என்பது ஊருக்குத் தெரியும்.

பேப்பருக்கு எழுதியது நாத்யா. பெர்ன் நகரத்தில் படிக்கிறவள், கோடைக்கு இங்கே வேலைக்கு வந்திருக்கிறாள். புது விமானங்கள் வாங்க அறுநூறு கோடி பிராங்க் கொடுக்கலாமா என்று அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி நடக்கும் ஓட்டெடுப்பில் அவள் வேண்டாம் என்கிற கட்சி. பால் கறக்கும்போதும் அதே பேச்சுத்தான்.

"நாலு பக்கமும் நம்ம சிநேகித நாடுங்க. யாரைச் சுடப் போறீங்க கில்கியன்? குறுக்கே பறந்தா பத்து நிமிஷத்துல நாடே முடிஞ்சிடும். மார்ச் மாசம் ஆஸ்பத்திரிக்கு முகக்கவசம் இல்லாம தவிச்சோமே, அப்போ எங்க போச்சு இந்தக் காசு?"

கில்கியன் சிரிப்பார். "நாப்பது வருஷமா பட்டாளத்துக்கு ஆமான்னுதான் போட்டிருக்கேன். மாத்திக்கிற வயசு இல்ல."

அது போன வாரம் வரைக்கும். இப்போது அவர் சிரிப்பதில்லை. செத்துப்போனது டுல்பா. அவர் கையால் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடேரி. செவ்வாய்க்கிழமை, பதினெட்டாம் தேதி, பாறை விளிம்பைத் தாண்டி ஓடைப் பள்ளத்தில் கிடந்தாள். கழுத்து முறிந்திருந்தது. அந்தப் பக்கம் மேய்ந்த ஏழு கிடேரிகளும் என் பொறுப்பில் இருந்தவை.

உன் வேலை அந்த விமானங்களோடு. யாராவது உன்னை ஏதாவது சொன்னார்களா? அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

சலோமே

*

கீழ்வீடு
27 ஆகஸ்ட், வியாழன்

சலோமே,

பிரித்தேன். சீஸையும் எடுத்து வைத்தேன். ஒன்றில் விரல் பதிந்திருக்கிறது. உன் விரல்தான், சின்னது.

சொன்னார்களா என்று கேட்கிறாய். பேப்பரை வெட்டி எங்கள் கேன்டீன் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே யாரோ ஒரு மாட்டுக்கு இறக்கை வரைந்திருக்கிறார்கள். அது பரவாயில்லை.

ஞாயிறு மதியம் பாலத்தடி விடுதியில் எங்கள் வழக்கமான மேசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பிரிவு ரோலண்ட் ஆரம்பித்தான். "பன்னெண்டேகாலுக்குன்னு போட்டிருக்கு. பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை வரைக்கும் நம்ம விமானம் எதுவும் பறக்காதேடா. நாம எல்லாரும் சூப் குடிச்சிட்டிருப்போம். உன் தங்கச்சி கதை விடுறா."

"அவ வாயைத் திறக்கிறதே வருஷத்துக்கு ரெண்டு தடவை. அதுல ஒண்ண பொய்க்குச் செலவு பண்ணுவாளா?" என்றேன்.

"அப்போ எது பறந்துச்சு? கழுகா?"

"யாரோ ஒருத்தன் லேட்டா வந்திருப்பான். எனக்கு என் தங்கச்சியைத் தெரியும்."

எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஆறு மாதம் உன்னோடு பேசாதவன் உனக்காகப் பேசியது எனக்கே ஆச்சரியம்தான்.

சாப்பாட்டு நேரத்தில் பறப்பதில்லை என்று எங்கள் விமானத் தளத்திலிருந்து பேப்பருக்கு மறுப்பு அனுப்பினார்கள். அது இன்னும் மோசமாகிவிட்டது. விடுதிக்காரி எல்லோருக்கும் கேட்கும்படி, "எதிரி வந்தா, சூப் முடியட்டும், உக்காருங்கன்னு சொல்லுவீங்களா?" என்றாள். ஆறு வருடத்துக்கு முன் கடத்தப்பட்ட விமானம் ஜெனீவாவில் இறங்கியபோது, ஆபீஸ் நேரம் ஆரம்பிக்கவில்லை என்று நம் விமானங்கள் கொட்டகையில் நின்ற கதையை மறுபடி எடுத்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

ஆனால் நாத்யாவிடம் இதைச் சொல். நான் துடைத்து நிறுத்தும் டைகர் விமானம் என்னைவிட வயதில் மூத்தது. மேகம் இருந்தால் அதற்குக் கண் தெரியாது. இன்னொரு ரகமான ஹார்னெட் இன்னும் பத்து வருடம் வரும், அவ்வளவுதான். ஊரில் தீப்பிடிக்கவில்லை என்று தீயணைப்பு வண்டியை யாரும் விற்பதில்லை. சின்ன நாடு என்றால் அடுத்த வீட்டுக்காரன் வந்து கதவைப் பூட்டிவிட்டுப் போவானா? இருபத்தேழாம் தேதி வேண்டாம் என்று வந்தால் இந்தத் தளம் எத்தனை நாள் இருக்கும், நான் எங்கே போவேன் என்று தெரியாது. இந்த வேலையைத் தவிர எனக்கு எதுவும் வராது.

நாளை மறுநாள் எங்கள் பிரிவுத் தலைவரிடம் பதினெட்டாம் தேதிப் பதிவேட்டைக் கேட்கப் போகிறேன். நம் ஆள் எவனாவது விதியை மீறிப் பறந்திருந்தால் அது வெளியே வரட்டும். உன்னைப் பொய்க்காரி என்றவன் வாயை மூடட்டும்.

யோஸ்ட்

*

மேல்குடில்
31 ஆகஸ்ட், திங்கள்

அண்ணா,

பதிவேடு எதையும் கேட்காதே. எனக்காக யாரிடமும் பேசவும் வேண்டாம். நீ விடுதியில் பேசியதே போதும். அதைப் படித்தபோது எனக்கு முகம் சுட்டது.

இங்கே நாத்யாவின் பேச்சு கூடிவிட்டது. டுல்பாவைப் பற்றி அவளுக்கு நாலு கடிதம் வந்திருக்கிறது. சூரிக்கில் துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கிறார்களாம். அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். அதில் அந்தப் பெண் "கையறு நிலையில் வானத்தைப் பார்த்தாள்" என்று இருக்கிறது. நான் அன்று வானத்தைப் பார்க்கவில்லை.

நேற்றுச் சாப்பிடும்போது நாத்யா கில்கியனிடம் கேட்டாள். "மலை இறங்கும்போது மாடுங்களுக்குப் பூ கட்டுவீங்கல்ல? நான் நீலப் பூவெல்லாம் பறிச்சு வைக்கட்டுமா?"

"இந்த வருஷம் பூ கிடையாது."

"ஏன், கொரோனாவா?"

"மலையில உயிர் போன வருஷம் பூ கிடையாது. பெரிய மணியும் கிடையாது. வெறுங்கழுத்தோடதான் ஊருக்குள்ள போகணும்."

"அப்போ பாக்குறவங்க எல்லாம் ஏன்னு கேப்பாங்களே."

"கேக்கத்தான் செய்வாங்க. முன்னால போறவ பதில் சொல்லுவா." கரண்டியால் என்னைக் காட்டினார்.

நாத்யா கைதட்டினாள். பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை இறங்குகிறோம். அதற்கு எட்டாம் நாள், ஞாயிறு, ஓட்டு. "வெறுங்கழுத்தோட இருபத்தெட்டு மாடு, அதுக்கு முன்னால நீ. ஒரு பேச்சு வேண்டாம், ஒரு போட்டோ போதும்" என்றாள். பெர்னிலிருந்து போட்டோ எடுக்க ஆள் வருகிறாராம்.

நீ கேட்காதே அண்ணா. பதிவேட்டை.

சலோமே

*

கீழ்வீடு
3 செப்டம்பர், வியாழன்

சலோமே,

உன் கடிதம் வரும் முன்பே கேட்டுவிட்டேன்.

தலைவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். பதினெட்டாம் தேதி முற்பகலில் இரண்டு டைகர். இரண்டும் திரும்பியாயிற்று. கடைசி விமானம் இறங்கிய நேரம் 11:52. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சின் நின்றதைப் பார்த்து, கையெழுத்துப் போட்டது நான். அடுத்தது கிளம்பியது 13:40க்கு.

என் கையெழுத்துக்கு எதிராக நானே சாட்சி சொல்லியிருக்கிறேன். விடுதியில் பேசியபோது அந்தத் தேதி என் நினைவில் இல்லை. எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கிறது அங்கே.

"தங்கச்சி மேல பாசம் இருக்க வேண்டியதுதான்" என்றார் தலைவர். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ரோலண்ட் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பன்னெண்டேகால், அந்தத் திருப்புளியை எடு" என்கிறான். மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் ஒன்றுதான் கேட்கிறேன். என்ன நடந்தது?

யோஸ்ட்

*

மேல்குடில்
7 செப்டம்பர், திங்கள்

அண்ணா,

மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

அன்று காலை விமானங்கள் போனது உண்மை. போய்த் திரும்பி வந்தன. கிடேரிகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்தச் சத்தத்திலேயே பிறந்தவை அவை.

பாறை விளிம்பில் மின்வேலி போடச் சொல்லியிருந்தார் கில்கியன். கம்பியை இழுத்துக் கட்டினேன். பேட்டரியை வைத்தேன். பேட்டரியின் கவ்வியைக் கம்பியில் மாட்டவில்லை. சாப்பிட்டுவிட்டு மாட்டலாம் என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. இங்கே என்னிடம் கடிகாரம் கிடையாது. போனில் சிக்னல் இல்லாததால் அதை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். விமானச் சத்தம்தான் எனக்குக் கடிகாரம். பன்னிரண்டு ஆகப் போகும்போது சத்தம் நின்றுவிடும். பள்ளத்தாக்கு முழுவதும் சட்டென்று காலியாகிவிடும். அப்போது நீ கை கழுவிவிட்டுக் கேன்டீனுக்கு நடப்பாய் என்று எனக்குத் தெரியும். நானும் ரொட்டியை எடுப்பேன். ஜூன் மாதத்திலிருந்து தினமும் உன்னோடுதான் சாப்பிட்டேன். நீதான் பேசாமல் இருந்தாய், நான் இல்லை.

அன்றும் சத்தம் நின்றது. கவ்வியை விட்டுவிட்டு ரொட்டியை எடுத்தேன். கீழே தேவாலயத்தில் கால் மணிக்கான ஒற்றை மணி அடித்தது. அடுத்த நிமிடம் கற்கள் உருளும் சத்தம் கேட்டது.

கில்கியனும் நாத்யாவும் ஓடி வந்தார்கள். "என்ன ஆச்சு?" என்றார் கில்கியன். எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்றால் ஆகுமே, அப்படி. "சொல்லு சலோமே, என்ன ஆச்சு?" மறுபடி கேட்டார். நாத்யா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஜெட்டா? ஜெட் சத்தத்துல மிரண்டுச்சா?" என்றாள்.

தலையாட்டினேன்.

ஒரே ஒரு தடவைதான். மற்றதெல்லாம் அவள் சொன்னாள். தினமும் கேட்கிற சத்தம் எப்போது நின்றது என்று அவர்கள் இருவரும் கவனிப்பதில்லை. பிறகு கில்கியன் "எத்தன மணிக்கு?" என்று கேட்டார். "பன்னெண்டேகால்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே வார்த்தை அது. அது உண்மை.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் டுல்பாவைப் பார்க்கப் பள்ளத்தில் இறங்கினார்கள். அந்த நேரத்தில் நான் ஓடிப்போய்க் கவ்வியை மாட்டினேன். கில்கியன் மேலே வந்து வேலியைத் தொட்டுப் பார்த்தார். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "வேலி நல்லாத்தான் இருக்கு. பாவம், இதையும் மீறி ஓடியிருக்கு" என்றார். என் தலையைத் தடவினார். தலையாட்டியது பயத்தில் செய்தது. கவ்வியை மாட்டியதற்கு அந்தப் பெயர் வைக்க முடியாது.

இந்தப் பெட்டியில் என் கடிதத்தோடு கில்கியனின் தபால் ஓட்டு உறையும் வருகிறது. ஊராட்சிப் பெட்டியில் போட்டுவிடச் சொன்னார். என் முன்னால்தான் எழுதினார். வேண்டாம் என்று எழுதினார். "இது டுல்பாவுக்கு" என்றார். நாத்யா அவர் முதுகில் தட்டினாள். நான் பசையை எடுத்துக் கொடுத்தேன்.

உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

சலோமே

*

கீழ்வீடு
8 செப்டம்பர், செவ்வாய்

சலோமே,

மாலையே பெட்டி மேலே போகிறது, அதனால் சுருக்கமாக.

படித்தேன். கேன்டீன் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கவ்வி பற்றி எழுதியதை ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை. எங்கள் வேலையில் ஒருவன் மரையை முடுக்க மறந்தால் அவன் பெயர் எழுதிக் கண்டிப்பார்கள். முடுக்க மறந்துவிட்டு, பிறகு முடுக்கி வைத்து, முதலிலேயே முடுக்கியிருந்தேன் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீ செய்தது இரண்டாவது.

கில்கியன் உறை என்னிடம் இருக்கிறது. ஊராட்சிப் பெட்டியில் போடவில்லை. வெள்ளிக்கிழமைப் பெட்டி இறங்கும் வரை வைத்திருக்கிறேன். அதற்குள் நீ அவரிடம் சொல்லிவிட்டால், ஒரு வரி எழுதி அனுப்பு. உறையைத் திருப்பி மேலே அனுப்புகிறேன். அவர் கிழித்துப் போட்டு வேறு எழுதட்டும், அல்லது அதையே மறுபடி அனுப்பட்டும். அது அவர் இஷ்டம். ஆனால் தெரிந்து செய்யட்டும்.

நான் சொல்லமாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது.

வெள்ளிக்கிழமை வரை.

யோஸ்ட்

*

மேல்குடில்
11 செப்டம்பர், வெள்ளி

அண்ணா,

சீஸ் ஒன்பது, வெண்ணெய் இரண்டு கட்டி. கில்கியனுக்குப் பல்வலி. கன்னம் வீங்கியிருக்கிறது. பேசுகிற நிலையில் இல்லை.

சலோமே

*

கீழ்வீடு
14 செப்டம்பர், திங்கள்

சலோமே,

பல்வலிக்காரர் கேட்கத்தானே வேண்டும், பேச வேண்டாமே.

சனிக்கிழமை காலை உறையை ஊராட்சிப் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி இதை முடிக்க முடியாது. உனக்கு அவகாசம் கொடுப்பதற்காக உறையை வைத்திருக்கிறேன் என்று எழுதினேன். அது பாதி உண்மை. செவ்வாய் அன்று உன் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் செய்தது அந்த உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. இரண்டாவது, அடுப்பைப் பார்த்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பொய்யால் விழுந்த ஓட்டு, எரித்தால் என்ன தப்பு என்று தோன்றியது. என் வேலைக்கு எதிராக ஒரு ஓட்டு குறையும் என்றும் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்று எனக்குத் தெரியும்.

பிறகுதான் உனக்கு எழுதினேன். அதற்குப் பிறகும் உறையைத் தளத்துக்கு எடுத்துப்போய் என் கருவிப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நான்கு நாள் இன்னொரு மனுஷனுடைய ஓட்டு என் திருப்புளிகளுக்கு அடியில் கிடந்தது. விமானங்கள் எதற்கு என்று யாராவது கேட்டால், நாம் நம் இஷ்டப்படி ஓட்டுப் போட்டு வாழ்வதைக் காக்க என்று நான் விடுதியில் பேசுவேன். அதே ஆள்தான்.

வெள்ளிக்கிழமை நீ எழுதியதைப் பார்த்ததும் இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கலாம் என்று ஆசை வந்தது. அந்த ஆசை உனக்காக வந்ததா என்று யோசித்தேன். காலையில் முதல் வேலையாகப் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை நீங்கள் இறங்கும்போது பாலத்தருகே இருப்பேன். எங்கள் பிரிவு ஆட்களும் வருவார்கள். திங்களன்று என்னை மேற்கே இன்னொரு தளத்துக்கு அனுப்புகிறார்கள், மூன்று வாரம்.

யோஸ்ட்

*

கில்கியன் பண்ணை
28 செப்டம்பர், திங்கள்

அண்ணா,

பாலத்தில் உன்னோடு பேச முடியவில்லை. நேரில் எனக்கு வராது, உனக்குத் தெரியும். அதனால் புது முகவரிக்கு எழுதுகிறேன்.

இறங்குவதற்கு முந்தின நாள் கில்கியன் சீஸுக்குப் பால் காய்ச்சும் செப்புக் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். என்ன என்றார். திரும்பிப் போய் மின்வேலிக் கவ்வியை எடுத்து வந்தேன். அவர் முன்னால் கொப்பரை விளிம்பில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தேன். "அப்புறமாத்தான் மாட்டினேன்" என்றேன். "டுல்பா விழுந்ததுக்கு அப்புறம். விமானம் எதுவும் வரல."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கொப்பரை முழுவதும் தேய்த்து முடித்து, கவிழ்த்து வைத்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓட்டுப் போட்டப்ப கை லேசா இருந்துச்சு" என்றார். "நாப்பது வருஷமா ஆமா போட்டப்ப ஒரு நாளும் அப்படி இருந்ததில்ல. நல்லதா ஏதோ பண்ணிட்டோம்னு நெனச்சேன்."

"திருப்பி வாங்க முடியாதா?"

"பெட்டியில விழுந்தது விழுந்ததுதான்."

உன் கருவிப்பெட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை. நான்கு நாள் அது திரும்பி வரக் காத்திருந்தது என்று அவருக்குத் தெரியாது. அதை நீ சொல்லிக்கொள்.

நான் வேலையை விட்டுப் போய்விடட்டுமா என்று கேட்டேன். "மாட்டை யாரு இறக்குவா?" என்றார். கதவருகில் போனவர் திரும்பி, "நாளைக்கு முன்னால நீதான். கேக்கிறவங்களுக்கு நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்" என்றார்.

நாத்யா அழுதாள். பிறகு கோபப்பட்டாள். கடைசியில், "நான்தான உன்கிட்ட கேட்டேன், ஜெட்டான்னு. எனக்கு அந்தப் பதில் பிடிச்சிருந்துச்சு. அதான் ரெண்டாவது கேள்வி கேக்கல" என்றாள். போட்டோக்காரரை வரவேண்டாம் என்று சொல்ல, சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஒரு மணி நேரம் நடந்தாள். பேப்பருக்கும் திருத்தம் எழுதினாள். அது போன வியாழன் வந்தது. பதினாலாம் பக்கத்தில் மூன்று வரி, பழைய டிராக்டர் விற்பனைக்கு விளம்பரத்துக்குக் கீழே. அதற்குள் ஊரில் பாதிப் பேர் உறையை ஒட்டி அனுப்பியாயிற்று.

மற்றது நீயே பார்த்தாய். ஆனால் பாலத்துக்கு முந்தி நடந்ததை நீ பார்க்கவில்லை.

இந்த வருடம் விழா இல்லை, கூட்டம் சேரக்கூடாது என்று சொல்லியிருந்தும் ஜனங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். முதலில் கேட்டது தபால்காரி. "பூ எங்க?" நான் நின்றேன். பின்னால் இருபத்தெட்டு மாடுகளும் நின்றன. கில்கியன் கடைசியில் இருந்தார், பார்க்க முடியவில்லை. "ஒரு கிடேரி செத்துப்போச்சு. நான் மின்வேலியை மாட்டல" என்றேன். "பேப்பர்ல ஜெட்டுன்னு போட்டிருந்துச்சே" என்றாள். "அது பொய். நான் சொன்ன பொய்." அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். நான் நடந்தேன்.

ரொட்டிக் கடையில் இரண்டு பேர். பள்ளிக்கூடத்து வாசலில் என் பழைய ஆசிரியை. அவருக்குச் சொல்லும்போதுதான் அதிகக் கஷ்டமாக இருந்தது. "சத்தமா சொல்லு சலோமே, கேக்கல" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை, அவருக்குக் காது மந்தம். சத்தமாகச் சொன்னேன். தெரு முழுக்கக் கேட்டது.

பதினாறு பேர் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எளிதாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

பாலத்துக்கு வந்தபோது உங்கள் ஆட்கள் சீருடையில் நின்றார்கள். ரோலண்ட் சொன்னது எனக்குக் கேட்டது. "டேய் பன்னெண்டேகால், உன் தங்கச்சி வர்றா. சூப் கொண்டு வந்திருக்காளா கேளு." எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. நீ ஏதாவது சொல்லி என்னைத் தாண்டவிடுவாய் என்று நினைத்தேன். அல்லது வேறு பக்கம் திரும்பிக்கொள்வாய் என்று. நீ முன்னால் வந்து, தெரியாதவளிடம் கேட்கிற மாதிரி, "பூ கட்டலயா? என்ன ஆச்சு?" என்று கேட்டாய்.

பதினேழாவது ஆள் நீ.

சொன்னேன். அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். உன் பதிவேட்டில் இருந்த நேரம் சரி என்றும் சொன்னேன். ரோலண்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். நீ தலையாட்டினாய். ஒரே ஒரு தடவை. பிறகு வழிவிட்டாய்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள்தான் புரிந்தது. மற்ற பதினாறு பேரும் தெரியாமல் கேட்டார்கள். நீ ஒருவன்தான் தெரிந்துகொண்டு கேட்டாய், அந்தக் கேள்வியின் பதில் உன்னையும் அவமானப்படுத்தும் என்று தெரிந்துகொண்டு.

நேற்று முடிவு வந்தது. வாங்கலாம் என்றுதான். நூற்றுக்கு ஐம்பது, அதற்குமேல் ஒரு இழை. நாடு முழுவதும் ஒன்பதாயிரம் ஓட்டுக்கூட வித்தியாசம் இல்லை. உன் வேலை நிற்கும், எனக்குச் சந்தோஷம். ரேடியோவில் அந்த எண்ணைச் சொன்னபோது கில்கியன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். சூரிக்கில் எத்தனை பேர் அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் படித்திருப்பார்கள். அதில் எத்தனை பேர் டுல்பாவுக்காக மனம் மாறி எழுதியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் இந்த இழையில் ஜெயித்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன். ஜெயிக்காததால் மட்டும் நான் தப்பித்ததாக ஆகிவிடுமா.

மே மாதம் எனக்குப் பதினெட்டு. எனக்கும் உறை வரும். நாத்யா சொன்னதும் சரி, நீ சொன்னதும் சரி என்று இப்போதும் தோன்றுகிறது. எந்தப் பக்கம் எழுதுவேன் என்று தெரியாது. யாராவது கேட்டால் தலையாட்டமாட்டேன், அது மட்டும் தெரியும்.

வருடம் பிறந்தால் உங்கள் தளத்தில் இரவும் பகலும் இரண்டு விமானம் தயாராக நிற்குமாம், சாப்பாட்டு நேரத்திலும். விடுதிக்காரி இனி வேறு நகைச்சுவை தேட வேண்டும். இங்கே பள்ளத்தாக்கில் இன்னும் பழைய வழக்கம்தான். நீ இல்லாமலே இன்று காலை இரண்டு போயின. பன்னிரண்டுக்குச் சற்று முன்பு சத்தம் நின்றது. ரொட்டியை எடுக்கவில்லை. வேலி ஓரமாகக் கடைசி வரை நடந்து, கவ்வியைக் கையால் தொட்டேன். சுரீர் என்றது.

திரும்பி வந்தபோது தேவாலயத்தில் கால் மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் சாப்பிட்டேன். இனி என்னோடு சாப்பிடுவதானால் நீ கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

சலோமே